முதல் படியும் கடைசிப் படியும்

புது வீடு கட்டுகிறவர்களில் பலர் மாடிப்படியைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பதே கிரானைட் கடைக்குப் போன பிறகுதான். கருப்பா சிவப்பா, ஓரத்துக்கு அரைவட்ட மோல்டிங் போடலாமா, கைப்பிடிக்குக் கண்ணாடியா எஸ்.எஸ். பைப்பா என்று குடும்பமே கூடிப் பேசும். அதற்குள் படியின் தலையெழுத்து கான்கிரீட்டில் எழுதப்பட்டிருக்கும். ஏறும்போது முட்டி வலிக்குமா, இறங்கும்போது கால் இடறுமா என்பதெல்லாம் சென்ட்ரிங் அடித்த அன்றே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் பெரும்பாலும் மேஸ்திரி. வீட்டுக்காரர் அன்று கம்பி விலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுப் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நம் ஊர்க் கணக்கில் ஏழரை அங்குலமும் பத்து அங்குலமும். இவை எல்லைக்கோடுகள், வசதியான அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா பிளோண்டெல் மனிதனின் நடையை வைத்து ஒரு சூத்திரம் சொன்னார்: படி உயரத்தை இரட்டித்து, அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வர வேண்டும். அவர் சொன்னது பிரெஞ்சு அங்குலம். நம்முடையதைவிடச் சற்றுப் பெரியது. ஆனாலும் 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்ற அளவு இன்றும் காலுக்கு இதமாகவே இருக்கிறது. தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் அந்த அளவில் 17 ஏற்றங்கள் வரும்.

இதில்தான் கைவைப்பார்கள். ஹாலில் சோபாவுக்கு ஓர் அடி கூடுதலாக வேண்டும், அல்லது எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிய வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். வரைபடத்தில் பதினாறு ஏற்றம் இருந்து, அதைப் பதினைந்தாக்கினால் உயரம் ஏழரையிலிருந்து 8 அங்குலமாகிவிடும். ஒற்றைப்படைதான் வேண்டுமென்றால் பதினேழாகக் கூட்டிக்கொள்ளலாமே! அதை ஏனோ யாரும் கேட்பதில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் குறுகலான, செங்குத்தான மரப்படிகள் பார்க்க அழகுதான். ஈரத் துணி வாளியோடு தினமும் அதில் ஏறச் சொன்னால் தெரியும்.

உயரத்தைவிட ஆபத்தானது உயரத்தில் வரும் வித்தியாசம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், 36வது தெரு சுரங்க ரயில் நிலையத்துப் படிக்கட்டில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிட ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே உயர்ந்திருந்தது. டீன் பீட்டர்சன் என்ற திரைப்படக் கலைஞர் 2012இல் அங்கே கேமராவை வைத்தார். குழந்தையைத் தூக்கியவர், பை சுமந்தவர், அவசரமாக ஓடியவர் என்று ஒருவர் பின் ஒருவராக அதே படியில் இடறினார்கள். வீடியோ பரவியதும் நிர்வாகம் படிக்கட்டை மூடிச் சரிசெய்தது. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் அளவைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. அமெரிக்க வீட்டு விதிகள், ஒரே வரிசையின் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசத்தை அனுமதிக்காததற்குக் காரணம் இதுதான்.

நம் வீடுகளில் இந்த வித்தியாசம் எப்படி வருகிறது? கான்கிரீட் போட்ட அன்று எல்லாப் படியும் சமமாக, 7 அங்குலமாகவே இருக்கும். பிறகு கீழே ஹாலில் கலவையும் டைல்ஸுமாகத் தரை 3 அங்குலம் ஏறுகிறது. படிகளில் கிரானைட்டும் கலவையும் சேர்ந்து ஏறுவது ஒன்றரை அங்குலம்தான். முதல் படி ஐந்தரை அங்குலமாகச் சுருங்கிவிடும். மேலே மாடித் தரையும் 3 அங்குலம் ஏறியதால் கடைசிப் படி எட்டரை. இடையில் இருப்பவை மட்டும் அதே ஏழு. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெரியம்மா மாடிக்குப் போய்விட்டு இறங்கும்போது, முதல் அடியிலேயே கால் காற்றில் தேடும். இதற்கு மேஸ்திரியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. படி வார்க்கும்போது தரைக்கு என்ன போடப்போகிறோம் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஆகவே தரைக்கல்லைத் தேர்வு செய்யவேண்டிய நேரம், படிக்குப் பலகை அடிப்பதற்கு முன்புதான். கீழும் மேலும் முடிந்த தரை எந்த மட்டத்தில் நிற்கும் என்று டியூப் லெவல் வைத்துச் சுவரில் கோடு போட்டு, அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள உயரத்தைத்தான் படிகளுக்குப் பங்கிட வேண்டும். சாய்வுத் தளம் மட்டும் வார்த்து, படிகளைச் செங்கல்லில் கட்டும் வீடுகளில் பூச்சு வரைக்கும்கூடத் திருத்த வாய்ப்புண்டு. மொத்தமாக வார்த்துவிட்டவர்கள், கூடுதல் கலவையின் பாரத்தைப் படி தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு, தரை ஏறிய அதே கனத்துக்குப் படிகளையும் ஏற்றலாம்.

இவ்வளவும் சரியான பிறகு அலங்காரத்துக்கு வரலாம். பளபளவென்று மெருகேற்றிய கிரானைட் ஈரம் பட்டால் வழுக்கும். சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் ஓரத்தை ஒட்டி இரண்டு கோடு வெட்டித் தரச் சொல்லலாம். மேலே வைக்கும் கல்லும் முகப்புக் கல்லும் ஒரே கருப்பில் இருந்தால், கண்புரை உள்ளவருக்கு விளிம்பு எங்கே என்றே தெரியாது. கீழே விழுந்து ஆண்டுக்கு 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 60 வயதைக் கடந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் இயக்கும் டூ வே சுவிட்சுக்கான பைப்பைப் பூச்சுக்கு முன்பே பதித்துவிட வேண்டும். மறந்தால் புதுச் சுவரை உடைக்க நேரும்.

கைப்பிடியில் படுக்கை வாட்டில் நாலு பைப் ஓட்டுவது இப்போதைய மோஸ்தர். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி. செங்குத்துக் கம்பிகளே மேல். இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருந்தால் தலை நுழையாது. எஸ்.எஸ். பைப்பில் 202, 304 என்று இரண்டு தரம் புழங்குகிறது. மலிவான 202, கடற்கரை ஊர்களில் சீக்கிரமே துருப்புள்ளி காட்டும். கடையில் காந்தத்தை வைத்து, ‘பாருங்க, ஒட்டலை, இது 304தான்’ என்பார்கள். 202இலும் காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதித் தரச் சொல்லிப் பார்த்தால், சில கடைகளில் பேச்சு உடனே தள்ளுபடிக்குத் தாவும்.