பேரைக் கடன் கொடுக்காதீர்கள்

"உங்க பேர்லயே எடுத்துக்குங்க சார். ரெண்டு நாள்ல நம்பர் வந்துரும். அவரு ஓட்டிக்கட்டும்."

எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய், கீழே ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் முக்கால் மணி நேரம் காத்திருந்ததற்குக் கிடைத்த யோசனை இது. சொன்ன பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். காபி வாங்கிக் கொடுத்தான், மரியாதையாகத்தான் பேசினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை அப்படிச் சொல்ல வைத்த பழக்கத்தின்மேல்தான் கோபம். அந்தப் பழக்கத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு வருகிறேன்.

"அவரு" என்று அவன் சொன்னது என் பள்ளித் தோழனை. புதுச்சேரியில் ஒரே தெரு, பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சு. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவன் அப்பா சொல்தா, எழுதிக் கொடுத்தார். என் அப்பா கடை வைத்திருந்தவர், எழுதிக் கொடுக்கவில்லை. எங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோலி விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவன் வெளிநாட்டான் ஆனான், மற்றவன் இந்தியன் ஆனான். எங்களை யாரும் கேட்கவில்லை.

அவன் பிரான்சுக்குப் போய், உழைத்து, ஓய்வு பெற்று, மனைவியையும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, சென்ற ஆண்டு திரும்பி வந்தான். நான் ஓய்வுக்குப் பிறகு மகளோடு செம்மேட்டில் இருப்பதால் அவனும் கொல்லிமலைக்கே வந்து சோளக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். தோட்டத்தோடு வாங்கத்தான் ஆசை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் விவசாய நிலமோ தோட்ட நிலமோ விலைக்கு வாங்க முடியாது என்பதால் அந்தப் பேச்சு முதல் நாளே முடிந்தது. அவன் வருத்தப்படவில்லை. சட்டத்தில் "முடியாது" என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொள்கிறவன். "முடியும்" என்று எழுதியிருப்பதை "முடியாது" என்று சொன்னால்தான் அவனுக்குப் பொறுக்காது.

மலைமேல் வண்டி இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் என் வீட்டுக்கும் வந்து போக, கியர் இல்லாத சின்ன ஸ்கூட்டர் ஒன்று போதும் என்றான். கையில் ரொக்கமும் இருந்தது.

ஷோரூமில் ஆதார் கேட்டார்கள். ஆதார் எடுக்க, விண்ணப்பிப்பதற்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அவனுக்கு அது இன்னும் நிறையவில்லை. பாஸ்போர்ட் கொடுத்தான். அதில் இருப்பது பாரிசுக்குப் பக்கத்து ஊர் முகவரி. "அப்போ ஃபாரினர்ஸ் ஆபீஸில் கொடுக்கிற குடியிருப்பு அனுமதி கொண்டு வாங்க" என்றார்கள். இங்கேதான் வேடிக்கை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் அந்த அலுவலகத்தில் பதிந்துகொள்ளவே வேண்டாம் என்று அரசே விலக்கு அளித்திருக்கிறது. விலக்கு இருப்பதால் அனுமதிச் சீட்டு இல்லை, சீட்டு இல்லாததால் வண்டி இல்லை! வேறு வெள்ளைக்காரனாக, வேலை விசாவில் வந்திருந்தால் அந்தச் சீட்டு அவனிடம் இருந்திருக்கும். புதுச்சேரியில் பிறந்ததுதான் குற்றம்.

இத்தனைக்கும் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 47-ஆம் விதி, பதிவுக்கு முகவரிச் சான்றாக 4-ஆம் விதியில் சொன்ன ஆவணங்களில் ஏதாவது ஒன்று போதும் என்கிறது. 4-ஆம் விதியோ வாக்காளர் பட்டியல், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட் என்று அடுக்கிக்கொண்டே போய், தகுந்த காரணத்தால் இவற்றில் எதையும் காட்ட முடியாதவர் மாஜிஸ்திரேட் முன்போ நோட்டரி முன்போ உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அதை ஏற்கலாம் என்று முடிகிறது. நோட்டரியை நாங்கள் புதுச்சேரிக்காரர்கள் நொத்தேர் என்போம். ஆக, அந்நியனுக்கும் வீடு மாறியவனுக்கும் என்றே ஒரு வாசலைச் சட்டம் எழுதியவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது நம் ஆட்கள்தான்.

பிரான்சில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். அங்கேயும் காகிதம் கேட்பார்கள், நம்மைவிட அதிகமாகவே கேட்பார்கள். ஆனால் ஒருவர் வீட்டில் தங்கியிருப்பவன் வண்டியைப் பதிய வேண்டுமானால், வீட்டுக்காரர் "இவர் என்னோடு இருக்கிறார்" என்று ஒரு கடிதம் எழுதி, தன் அடையாள அட்டை நகலையும் வீட்டு முகவரிச் சான்றையும் வைத்தால் முடிந்தது. வண்டி தங்கியிருப்பவன் பேரிலேயே பதிவாகும். வீட்டுக்காரர் பேரில் பதிந்துகொள் என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது அந்த "உங்க பேர்லயே எடுத்துக்குங்க" விஷயத்துக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். பேரன் கேட்டான், வெளிநாட்டு மருமகன் கேட்டார், வாடகைக்கு இருக்கிற தம்பி கேட்டான் என்று பேரைக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பேர்தானே, தேய்ந்தா போகும் என்று நினைக்கிறோம்.

தேய்ந்துதான் போகும். விபத்து நடந்து வழக்கு வந்தால், பதிவுச் சான்றில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வண்டியைக் கைமாற்றிவிட்டேன், அவர் மேலும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓட்டியவரிடம் உரிமம் இல்லையென்றால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க வரும். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கே ஐயாயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து வளைவு தள்ளி என் தோழன் ஒரு ஆட்டுக்குட்டியை இடித்தால்கூட ஆள் தேடி வருவது என் வீட்டுக்குத்தான்.

சரி, எனக்கு ஆகாதது போகட்டும். அவனுக்கு? வண்டிக் காப்பீட்டோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கு என்று பதினைந்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு வருகிறதே, அது பதிவுச் சான்றில் பேர் உள்ளவருக்கு மட்டும். காசு கொடுத்து வாங்கி, தினமும் ஓட்டுகிறவன் பனிமூட்டத்தில் பள்ளத்தில் விழுந்தால் அவன் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இன்னொன்று: எங்கள் இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது, யார் முந்துவோம் என்று தெரியாது. நான் முந்தினால் அந்த ஸ்கூட்டர் என் வாரிசுகளுடையது. அவன் தன் சொந்த வண்டிக்காக என் மகளிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்டு நிற்க வேண்டும். இதை அவனிடம் சொன்னபோது "அதுக்கு நான் நடந்தே போயிடறேன்டா" என்றான்.

நானும் ஒருவன் என்றேனே. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எண்பதுகளில் ஒரு சொல்தாவின் விதவை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு வந்தார். "ரேஷன் கார்டு கொண்டு வாங்கம்மா" என்றேன். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு ரேஷன் கார்டு கிடையாது என்பது புதுச்சேரியில் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் சொன்னேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அதைத்தான் கேட்டார், நானும் அதைக் கேட்டேன். விதிப் புத்தகம் என் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. திரும்பி எடுக்கவில்லை. மூன்று முறை வந்துவிட்டு அந்த அம்மாள் வரவில்லை. பிறகு யார் பேரிலோ அந்தக் காரியத்தை முடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். முடிந்ததே என்று அன்று நிம்மதியாக இருந்தது.

ஸ்கூட்டரைப் பொறுத்தவரை அந்தக் காலம் இதற்கு நேர் எதிர். பஜாஜ் சேத்தக்குக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். வெளிநாட்டுச் செலாவணியில் விலை கொடுத்தவருக்கு மட்டும் வரிசை கிடையாது. எங்கள் தெருவில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன வண்டிகளைப் பார்த்து நாங்கள் பொருமியது உண்டு. அன்று அவர்கள் பணம் வேண்டியிருந்தது, முகவரி யாருக்கும் உறுத்தவில்லை.

நாங்கள் பின்வாசலை வேண்டாம் என்றோம். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் கையெழுத்து, ஓ.சி.ஐ. அட்டை நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நொத்தேரிடம் உறுதிமொழிப் பத்திரம் முடித்தோம். 4-ஆம் விதியை நானே கைப்பட எழுதி, அடிக்கோடிட்டு, படிவம் 20-உடன் இணைத்தேன். முதல் முறை "இது லைசென்ஸுக்குத்தான் செல்லும், பதிவுக்குச் செல்லாது" என்றார்கள். 47-ஆம் விதியையும் எழுதிக்கொண்டு போனேன். இரண்டாம் முறை பார்க்க வேண்டியவர் விடுப்பு. மூன்றாம் முறை ஓர் அம்மையார் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "இப்படி யாரும் கொண்டு வர்றதில்லையே சார்" என்றார். யாரும் கேட்டுச் சொல்வதில்லை, அதனால் கொண்டு வருவதில்லை என்றேன். சிரித்துவிட்டு முத்திரை வைத்தார்.

ஷோரூம் மேசையிலும் கவுண்டர் கண்ணாடியிலும் அந்த 4-ஆம் விதியைத் தமிழில் அச்சடித்து ஒட்டினால் என்ன? ஒரு தாள், கொஞ்சம் பசை. அதுவரை யாராவது உங்கள் பேரைக் கேட்டால், நொத்தேர் வீட்டைக் காட்டுங்கள்.

வண்டி அவன் பேரிலேயே வந்துவிட்டது, சாம்பல் நிறம். பிரெஞ்சு உரிமம் கார் ஓட்டத்தான் என்பதால் எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு தினம் மாலை காலி மைதானத்தில் 'எட்டு' போட்டுப் பழகுகிறான். இன்னும் இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிடுகிறான்.