சத்தம் வராத அழுகை

குழந்தை அழுதால் தாய்க்குக் கவலை. இருதய ஆபரேஷன் முடிந்து வந்த சிசு சத்தமாக அழாவிட்டால், "பிள்ளை சாதுவாகிவிட்டது" என்று வீட்டார் மகிழ்ந்துவிடக்கூடும். மகிழக் கூடாது. அது ஓர் அறிகுறி!

தேனி, உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் காளவாசல் வழியாகத்தான் மதுரை ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். 2012ல் தொடங்கிய முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய ஆபரேஷனுக்கும் இடம் உண்டு. ஏழை வீட்டுச் சிசுவும் பிழைக்கிறது. பிழைத்த பிறகு வரும் தொல்லைதான் இது.

குரல் போவானேன்?

தொண்டையில் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. பேச உதவுவதும், பால் மூச்சுக் குழாய்க்குள் போகாமல் தடுப்பதும் அவையே. இடது நாணை அசைக்கும் நரம்பு நேர் வழியில் போவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்தின் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மீண்டும் தொண்டைக்கு ஏறுகிறது. வேடிக்கையான பாதைதான்!

அந்த இடத்தில் இன்னொரு சிறு குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். குறை மாதக் குழந்தைகள் சிலருக்கு மூடாது. டாக்டர்கள் கட்டி அடைப்பார்கள். 1938ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் ராபர்ட் கிராஸ் இதை முதலில் செய்து வெற்றி கண்டார். கட்டும்போது, நூல் போன்ற நரம்பு இழுபட்டாலும் நசுங்கினாலும் இடது நாண் அசையாது. பெரிய ரத்தக் குழாயைச் சீர்செய்யும்போதும் இப்படி நேரலாம். கைதேர்ந்த டாக்டருக்கும் நேருவது உண்டு.

இந்த நரம்பின் சங்கதி பழையது. 2-ம் நூற்றாண்டில் காலன் என்ற வைத்தியர் கத்திக்கொண்டிருந்த பன்றியின் நரம்பை அறுத்தார். கத்தல் நின்றது, பன்றி சாகவில்லை!

கவனிக்க வேண்டியவை

அழுகை கம்மியிருக்கும். மூச்சில் இரைச்சல் கேட்கும். பால் குடிக்கையில் புரை ஏறும். சில சிசுக்களுக்கு இருமலே வராமல் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதுதான் ஆபத்து. அடிக்கடி நிமோனியா காய்ச்சல் வரும், எடை ஏறாது.

செயற்கை மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைத்ததாலும் சில நாள் குரல் கம்மும். எது காரணம் என்று யூகிக்க வேண்டாம். காது, மூக்கு, தொண்டை டாக்டர் மெல்லிய காமிராக் குழாயை மூக்கு வழியே விட்டுச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் "அழுகைச் சத்தத்தைக் கவனியுங்கள்" என்று தமிழில் ஒரு வரி இருந்தால் எவ்வளவு உதவி!

பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் நாண் மீண்டும் அசைகிறது. சிலருக்கு வலது நாணே நகர்ந்து வந்து ஈடு கொடுக்கிறது. அதுவரை மூக்குக் குழாய் வழியே பால் கொடுக்க நேரிடலாம். அழுகை திரும்பிவிட்டது என்று வீட்டிலேயே குழாயை எடுத்துவிடக் கூடாது. குழந்தை பால் விழுங்குவதை டாக்டர் சோதித்த பிறகே எடுக்க வேண்டும்.