‘இல்லை’ என்றால் எங்கே?
கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறையை விளக்கும் பவர்பாயின்ட் பாய்வுப் படம் ஒன்றைப் பார்த்தேன். பெட்டிகள் நேர்த்தி, நிறங்களும் அளவோடுதான். ஆனால் முடிவைக் குறிக்கும் சாய்சதுரத்திலிருந்து ‘ஆம்’ என்ற ஒரே அம்புக்குறிதான் கிளம்பியது. நிராகரிக்கப்பட்ட மாணவி எங்கே போவாள்? 1921இல் கில்பிரெத் தம்பதியர் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் இவ்வகைப் படத்தை முன்வைத்ததே, வேலையின் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துத் திருத்தத்தான். படத்தை நேர்த்தியாக்குவது எளிது: பெட்டிகளை ஒரே வரிசையில் நிறுத்த மென்பொருளிலேயே வசதி உண்டு. கனெக்டர் கோட்டைப் பெட்டியின் விளிம்புப் புள்ளியில் ஒட்டிவிட்டால், பெட்டியை நகர்த்தினாலும் கோடு கூடவே வரும். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் ‘இல்லை’க்கான கோடு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது, விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் ஊழியருக்குத்தான் தெரியும். படம் வரைகிறவர்கள் தயவுசெய்து முதலில் அவரிடம் பேசுங்கள்.