வடிகுழாயை அடைப்பது சிக்கனமல்ல

சிறு விவசாயிகளின் கைக்கு வந்து சேரும் பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஒரு குறை காணப்படுகிறது. ரேடியேட்டரின் அடியிலும் எஞ்சின் பிளாக்கின் பக்கத்திலும் இருக்க வேண்டிய, தண்ணீர் வடிக்கும் சிறு குழாய்கள் இருப்பதில்லை. ஒழுகுகிறது என்று முன்பு வைத்திருந்தவர் அவற்றைக் கழற்றி, போல்ட்டை முறுக்கி அடைத்திருப்பார். செலவு மிச்சம் என்று தோன்றும். உண்மையில் இது பெருஞ்செலவுக்கு வழி.

காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய ஐஷர் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. 1960-களிலிருந்து சென்னையில் தயாரான மாஸி பெர்குசன் போன்ற, தண்ணீரால் குளிரும் வண்டிகளுக்கு உண்டு. கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் உள்ள உப்புகள் எஞ்சினுக்குள் காரையாகப் படிகின்றன. துருவும் சகதியும் பிளாக்கின் அடியில் தங்குகின்றன. காரை படிந்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் எஞ்சின் கொதிக்கும். ஹெட் காஸ்கெட் போகும். முற்றினால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். உழவு நேரத்தில் எஞ்சினை இறக்க நேர்ந்தால் பணத்தோடு பருவமும் போய்விடும்.

அடி ஹோஸைக் கழற்றினால் தண்ணீர் வந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் வரும். பிளாக்கின் அடியில் நிற்கும் சகதித் தண்ணீர் வராது. மேலும், கழற்ற வேண்டிய வேலை அதிகமானால் அதைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. திருகினால் வடியும் என்றிருந்தால்தான் வேலை நடக்கும்.

ஆகவே இரண்டு இடத்திலும் பித்தளைக் குழாய் பொருத்துவதே சரி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பழைய போல்ட்டை எடுத்துச் சென்று, மரையும் அளவும் ஒத்த குழாயை வாங்க வேண்டும். அந்த போல்ட்டே மரை மாற்றிப் போட்டதாக இருக்கலாம். சந்தேகமிருந்தால் லேத் பட்டறையில் காட்டுவது நலம். மரை ஒவ்வாததை வலுவில் முறுக்கினால் வார்ப்பிரும்பு பிளாக் விரிசல் விடும். போல்ட்டை எடுத்ததும் தண்ணீர் வராவிட்டால், துளையைக் கம்பியால் குத்திச் சகதியை அகற்ற வேண்டும். பிறகு மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, அளவாக முறுக்கினால் போதும்.

நல்ல தண்ணீர் வரும்வரை அலசிவிட்டு, உப்பில்லாத தண்ணீரும் கூலன்ட்டும் கம்பெனி சொன்ன அளவில் கலந்து ஊற்றலாம். வடித்த கூலன்ட்டைத் தரையில் விடக்கூடாது. பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுள்ள விஷம். ஆடு மாடு நக்கினால் உயிருக்கே ஆபத்து.

பழைய டிராக்டர் வாங்குவோர் டயரையும் பெயின்ட்டையும் பார்ப்பதோடு, குனிந்து இந்த இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். அங்கே போல்ட் இருந்தால், எஞ்சினுக்குள் எத்தனை வருடத்துச் சகதி இருக்கிறதோ என்று யோசித்த பிறகே விலை பேச வேண்டும்.