சரிவில் பார்க்கிங்: 'பி' கியரை மட்டும் நம்பினா பர்ஸ் காலி

ஆட்டோமேட்டிக் கார் வாங்கும்போது இஎம்ஐ எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு மூணு கணக்கு போடறோம். நாலாவதா ஒரு கணக்கு இருக்கு. அதை யாரும் போடறதில்லை: மேட்டிலும் இறக்கத்திலும் வண்டியை எப்படி நிறுத்தறோம்?

அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் ராம்ப்ல, ஏற்காடு, ஊட்டி ரோட்டு ஓரத்துல பலர் செய்யறது இதுதான். பிரேக்கை மிதிச்சு, லீவரை 'பி'க்குத் தள்ளி, காலை எடுத்துட்டு இன்ஜினை ஆஃப் பண்ணிடறாங்க. வண்டி லேசா நகர்ந்து, ஒரு குலுக்கலோட நிற்கும். செலவு ஆரம்பிக்கிற இடம் அந்தக் குலுக்கல்தான்.

'பி' என்பது பிரேக் இல்லை. கியர்பாக்ஸுக்குள்ள ஒரு பல் சக்கரம் இருக்கு. 'பி' போட்டதும் ஒரு சின்ன உலோகக் கொக்கி அந்தப் பல்லில் போய் மாட்டிக்கும். ஹேண்ட்பிரேக் போடலைன்னா, ஆயிரம் கிலோ வண்டியோட மொத்த இழுவையும் அந்தக் கொக்கி மேலதான். மறுநாள் காலையில லீவரை இழுக்கும்போது இறுக்கமா இருந்து, 'டொக்'னு சத்தம் வருதா? காரணம் இதுதான். ஒரு நாளில் எதுவும் உடையாது. ஆனா தினமும் ராம்ப்ல நிறுத்தறவங்களுக்கு இது தினசரித் தேய்மானம்.

"அதான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு கேட்பீங்க. பாலிசியில 'விலக்குகள்' பக்கத்தைப் படிங்க. தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டுக்கும் ஸ்டாண்டர்ட் பாலிசியில் கிளெய்ம் கிடையாது. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் பொதுவா தண்ணீர் புகுந்தா, ஆயில் கசிஞ்சா வர்ற சேதத்துக்குத்தான். தேய்ஞ்ச கியர்பாக்ஸை இறக்கினா, பில் முழுக்க உங்க சம்பளத்துல இருந்துதான் போகும்.

சரி, வண்டி உருண்டு தூணில் இடிச்சா கிளெய்ம் கிடைக்குமே? கிடைக்கும். ஆனா அதோட விலையைப் பாருங்க. உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய், நோ கிளெய்ம் போனஸ் 50%னு வச்சுக்குவோம். ஒரு கிளெய்ம் போட்டா அடுத்த ரின்யூவல்ல போனஸ் பூஜ்யம். பிறகு வருஷா வருஷம் 20, 25, 35, 45னு ஏறி மறுபடி 50% வரணும். வருஷ வாரியா இழப்பு: 6,000 + 3,600 + 3,000 + 1,800 + 600. மொத்தம் 15,000 ரூபாய். பிரீமியம் மாறாம இருந்தா, போனஸைக் காப்பாத்தற ஆட்-ஆன் இல்லாதவங்களுக்கு இதுதான் கணக்கு. 8,000 ரூபாய் பம்பருக்கு கிளெய்ம் போட்டா, யாருக்கு லாபம்?

அதனால என் கருத்து இது: இன்னொரு ஆட்-ஆன் தேடறதுக்கு முன்னாடி, அஞ்சு செகண்ட் பழக்கம் ஒண்ணைக் கத்துக்குங்க. பிரேக்கை மிதிச்சு வண்டியை நிறுத்துங்க. லீவரை 'என்'ல வைங்க. ஹேண்ட்பிரேக்கை முழுசா போடுங்க. காலை மெதுவா தளர்த்துங்க, வண்டியோட எடை ஹேண்ட்பிரேக்ல உட்காரட்டும். மறுபடி பிரேக்கை மிதிச்சு 'பி' போடுங்க. கிளம்பும்போது தலைகீழ்: பிரேக்கை மிதிச்சபடியே முதல்ல 'பி'யில இருந்து லீவரை எடுங்க, அப்புறம் ஹேண்ட்பிரேக்கை விடுங்க.

பட்ஜெட் கார் வச்சிருக்கவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. 2014-ல் மாருதி செலெரியோவோட பரவலான ஏஎம்டி கார்கள் பலவற்றில் 'பி'யே கிடையாது. இங்க ஹேண்ட்பிரேக் கட்டாயம். கூடவே கியரிலும் விட்டு இன்ஜினை அணைக்கணும்: பொதுவா ஏற்றம் பார்த்து நின்னா 'டி', இறக்கம் பார்த்து நின்னா 'ஆர்'. உங்க மாடலுக்கான முறையை மேனுவலில் ஒருமுறை பார்த்துடுங்க. டிராஃபிக்ல மேட்டுல நிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சு வண்டியைப் பிடிச்சு வைக்காதீங்க. அப்ப கிளட்ச் சூடாகித் தேயும். கிளட்ச் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது.

"மழைக்காலத்துல ஹேண்ட்பிரேக் ஜாம் ஆகிடும் சார்"னு ஒரு சாக்கு இருக்கு. சமதளத்துல வாரக்கணக்கா நிறுத்தறவங்களுக்கு அது நியாயமான கவலை. ராத்திரி நிறுத்தி காலையில ஆபீஸுக்கு எடுக்கறவங்களுக்கு இல்லை. ஹேண்ட்பிரேக் லூஸா இருந்தா அடுத்த சர்வீஸ்ல டைட் பண்ணச் சொல்லுங்க. சின்ன வேலைதான்.

பிசினஸ் பண்றவங்க கார் ரிப்பேரைச் செலவுக் கணக்கில் காட்டலாம். சம்பளக்காரருக்கு அந்த வசதி இல்லை. வரி கட்டின பிறகு கையில வர்ற பணத்துலதான் ஒவ்வொரு பில்லும். இன்னைக்கு சாயங்காலம் ராம்ப்ல நிறுத்தும்போது அந்தக் குலுக்கல் வருதான்னு கவனிங்க. வந்தா, உங்க ஹேண்ட்பிரேக்குக்கு வேலை கொடுங்க.