கைப்பிடி இல்லாத மாற்றம்

தியானப் பகுதி: எஸ்றா 3:8-13





இவ்வாரம் வீட்டுக் காணொளிகளைத் தொகுக்கும் மென்பொருளைக் குறித்து எழுத விரும்புகிறேன். இதற்கும் வேத தியானத்திற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் வியக்கலாம். சற்று பொறுமையோடு வாசியுங்கள்.

திருமண வெள்ளிவிழாவானாலும், அறுப்பின் பண்டிகையானாலும், அடக்க ஆராதனைக்குப் பின் வரும் நினைவுகூருதல் கூட்டமானாலும், இன்று நம் சபைகளில் ஒரு சிறு காணொளி திரையிடப்படுகிறது. அவற்றைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், பேரப்பிள்ளைகளுக்காக ஆர்வத்தோடு கற்றுக்கொண்ட தாத்தா பாட்டிமார் ஆகியோரே அவர்கள். பல ஆண்டுகள் கைப்பழக்கமான அந்த மென்பொருள் ஒருநாள் அப்டேட் ஆகிவிடுகிறது. மறுநாள் திறந்து பார்த்தால், ஒரு கிளிப்புக்கும் அடுத்த கிளிப்புக்கும் இடையே வரும் டிரான்சிஷனை எங்கே நீட்டுவது, எங்கே குறைப்பது என்று தெரியவில்லை. மணிக்கணக்கில் போராடிவிட்டு, மனம் சோர்ந்து எழுந்துவிடுகிறார்கள்.

இந்தப் போராட்டத்தை "வயதானவர்களுக்குக் கணினி வராது" என்ற ஒரே வரியில் நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது நியாயமன்று என்பதே என் கருத்து. பிழை பெரும்பாலும் கற்பவரிடத்தில் இல்லை. மாற்றம் கொண்டுவரப்பட்ட விதத்தில் இருக்கிறது. அதே பிழையைத் திருச்சபையும் செய்துவருகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டிரான்சிஷன் என்பது என்ன?

ஒரு காட்சி மெல்ல மங்கிக் கொண்டிருக்கும்போதே அடுத்த காட்சி மெல்லத் தெளிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதனைக் கிராஸ் டிசால்வ் என்பார்கள். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்னரே இது இருந்தது. 1899-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தின் ஜார்ஜ் மெலியே தமது சிண்டெரெல்லா படத்தில் இதைக் கையாண்டார். முதற்காட்சியின் முடிவில் ஒளியைப் படிப்படியாகக் குறைத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதே பிலிமின் மேல் அடுத்த காட்சியை ஒளி கூட்டிப் பதிவு செய்யும் முறை அது. ஒரே பிலிமில் சில கணங்கள் இரண்டு காட்சிகளும் சேர்ந்திருந்தன.

கணினியிலும் இதே விதிதான். இரண்டு விநாடி டிரான்சிஷன் வேண்டுமென்றால், அந்த இரண்டு விநாடிகளில் பழைய கிளிப்பும் ஓட வேண்டும். புதிய கிளிப்பும் ஓட வேண்டும். ஆகவே வெட்டிய இடத்திற்கு அப்பாலும் ஒவ்வொரு கிளிப்பிலும் சிறிது மிச்சம் இருக்க வேண்டும். தொகுப்பாளர்கள் இந்த மிச்சத்தைக் கைப்பிடி என்னும் பொருளில் ஹேண்டில் என்பார்கள். கிளிப்பின் முதல் நொடி முதல் கடைசி நொடி வரை முழுவதையும் பயன்படுத்திவிட்டால் கைப்பிடி இருக்காது. அப்போது மென்பொருள் டிரான்சிஷனை மறுத்துவிடும், அல்லது தானாகவே சுருக்கிவிடும், அல்லது கடைசிப் படத்தையே உறையச் செய்து காட்டும். "ஒரு விநாடிக்கு மேல் நீட்டவே முடியவில்லை" என்று நம்மவர்கள் சொல்வதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. முப்பது படங்களை, ஒவ்வொன்றும் 5 விநாடி வீதம் அடுக்கினால் 150 விநாடிகள் வரும். அதற்குச் சரியாக இரண்டரை நிமிடப் பாடல் ஒன்றைச் சேர்க்கிறீர்கள். பிறகு 29 இணைப்புகளிலும் ஒரு விநாடி டிரான்சிஷன் வைக்கிறீர்கள். பல மென்பொருள்களில் ஒவ்வொரு டிரான்சிஷனும் இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இழுப்பதால், காணொளி 121 விநாடிகளில் முடிந்துவிடும். மீதி 29 விநாடிகள் திரை இருண்டிருக்க, பாட்டு மட்டும் ஒலிக்கும். ஒன்றை ஒன்று தழுவ வேண்டுமானால் இரண்டுமே தங்கள் நேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கின் பொருள்.

கையிலிருந்து மறைந்த அறிவு

உங்களில் பலர் முதன்முதலில் பழகியது விண்டோஸ் மூவி மேக்கராக இருக்கும். 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் எம்.இ. கணினிகளோடு அது வந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து மூவி மேக்கரில் டைம்லைனில் இருக்கும் ஒரு கிளிப்பை மவுஸால் பிடித்து, முந்தைய கிளிப்பின்மேல் சற்று ஏறும்படி இழுத்தால் போதும். எவ்வளவு ஏறியதோ அவ்வளவு நேரம் டிரான்சிஷன். கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குப் புரிந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் லைவ் மூவி மேக்கரில் அந்தப் பழைய டைம்லைன் இல்லை. அனிமேஷன்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, எத்தனை விநாடி என்று எண்ணால் குறிக்க வேண்டியதாயிற்று. புதியவருக்கு இது எளிதே. ஆனால் கையால் இழுத்துப் பழகியவர் தம் கிளிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 2017 ஜனவரி 10 அன்று அந்த மென்பொருளுக்கான ஆதரவும் முடிவுக்கு வந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐமூவியிலும் இப்படியே நேர்ந்தது. 2007-இல் அது அடியோடு மாற்றி எழுதப்பட்டது. பழைய டைம்லைன் போய்விட்டது. பழகியவர்களின் மனக்குறை பலமாக எழுந்தது. ஆயினும் கவனியுங்கள்: புதியதை வாங்கியவர்கள் பழைய ஐமூவி எச்.டி.யை இலவசமாக இறக்கிக்கொள்ள அந்நிறுவனம் இடமளித்தது. 2009-இல் வந்த அடுத்த பதிப்பில் பிரிசிஷன் எடிட்டர் என்ற வசதியும் சேர்க்கப்பட்டது. இரண்டு கிளிப்புகளையும் மேலும் கீழுமாக வைத்து, வெட்டி ஒதுக்கிய மிச்சப் பகுதியையும் மங்கலாகக் காட்டி, எங்கே இணைக்கலாம் என்று பார்த்துத் தீர்மானிக்க அது உதவியது. வியாபாரம் செய்யும் நிறுவனத்திற்கே பழையவர்களுக்காகச் சிறிது காலம் இரண்டையும் வைத்திருக்கத் தோன்றியது. தேவனுடைய வீட்டாராகிய நமக்கு அது தோன்ற வேண்டாமா?

அழுகையும் கெம்பீரமும் கலந்த நாள்

இப்போது எஸ்றாவின் மூன்றாம் அதிகாரத்திற்கு வாருங்கள். கி.மு. 586-இல் பாபிலோனியர் சாலொமோனின் ஆலயத்தை இடித்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் செருபாபேலும் யெசுவாவும் புதிய ஆலயத்திற்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். ஆசாரியர் பூரிகை ஊத, ஆசாபின் குமாரர் கைத்தாளம் கொட்ட, ஜனங்கள் கர்த்தரைத் துதிக்கிறார்கள். இளையோருக்கு அது ஆனந்தத்தின் நாள். முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்களோ மகா சத்தமாய் அழுதார்கள். எது அழுகை, எது ஆனந்தம் என்று பகுத்தறிய முடியாதபடி இரண்டு சத்தமும் ஒன்றாய் வெகுதூரம் கேட்டது என்று வேதம் சொல்லுகிறது.

அன்று எந்த லேவியனும் அந்த முதியவர்களிடம் சென்று, "காலம் மாறிவிட்டது, அழாதீர்கள்" என்று அதட்டியதாக எழுதப்படவில்லை. முதியவர்களும் அஸ்திபாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பழைய ஆலயத்தின் நினைவு மங்கிக் கொண்டிருக்க, புதிய ஆலயம் எழும்பிக் கொண்டிருந்தது. இரண்டும் அந்த ஒரே முற்றத்தில் சேர்ந்திருந்தன. சில ஆண்டுகள் கழித்து ஆகாய் தீர்க்கதரிசியின் மூலம் கர்த்தர் பேசியபோதும், முந்தின மகிமையைக் கண்டவர்கள் யார் என்று முதலாவது விசாரித்தார். அவர்களுடைய நினைவை மதித்த பின்னரே வரப்போகும் மகிமையை வாக்குப்பண்ணினார்.

மோசேயையும் யோசுவாவையும் பாருங்கள். யோசுவா வாலிபகாலமுதல் மோசேயின் ஊழியக்காரனாய் நின்றவன். எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் மோசே உயிரோடிருக்கையிலேயே சபை முழுவதற்கும் முன்பாக யோசுவாவின்மேல் கையை வைத்து, தன் கனத்தில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுக்கும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். மோசே மரித்தபோதும் முப்பது நாள் துக்கங்கொண்டாட இடமிருந்தது. அதன் பின்னரே யோர்தானைக் கடக்கும் கட்டளை வருகிறது.

வெட்ட வேண்டியதும் உண்டு

"எல்லா மாற்றத்தையும் இப்படி நீட்டிக் கொண்டிருந்தால் எப்போது முன்னேறுவது?" என்று வாலிபர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நல்ல திரைப்படத்தில் பெரும்பாலான இணைப்புகள் நேரடியான கட் மட்டுமே. ஆவிக்குரிய வாழ்க்கையிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. பாவத்திலிருந்து விலகுவதற்கு மெல்ல மங்கும் டிரான்சிஷன் கிடையாது. ஆண்டவர் அழைத்தவுடனே சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டுப் பின்சென்றார்கள். அநீதியை நிறுத்தும்போது தவணை கேட்கக் கூடாது.

ஆனால் பாட்டுப்புத்தகத்திலிருந்து திரைக்கு மாறுவதும், காணிக்கைப் பையோடு கியூஆர் அட்டையும் வருவதும், ஆராதனை நேரத்தை மாற்றுவதும் பாவத்தை விட்டு மனந்திரும்புவது போன்றவை அல்ல. இவற்றில் அவசரமாக வெட்டும்போது, வெட்டப்படுவது ஒரு மனிதர். ஒரு நல்ல முன்மாதிரியும் நம்மிடம் இருக்கிறது. 1995-இல் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆயினும் பழைய திருப்புதல் நம் வீடுகளிலிருந்தும் பிரசங்க பீடங்களிலிருந்தும் அகற்றப்படவில்லை. இன்றும் இரண்டையும் ஒப்பிட்டு வாசித்துப் பயனடைகிறோம்.

மவுஸைப் பிடுங்காதிருங்கள்

நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் பல ஆண்டுகளாகப் பண்டிகைக் காணொளிகளைத் தயாரித்து வந்தார். மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பின் அவர் என்னிடம், "ஐயா, இனிமேல் பிள்ளைகளே செய்யட்டும்" என்றார். பிள்ளைகள் செய்தார்கள், அழகாகவே செய்தார்கள். பக்கம் புரள்வதும் நட்சத்திரம் சிதறுவதுமாக டிரான்சிஷன்கள் மின்னின. ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆலயக் கூரைக்கு ஓடு சுமந்து நிற்கும் பெண்கள் யார், எந்தப் படத்திற்குப் பின் எந்தப் படம் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெயர் தெரிந்தவர் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய நினைவில் இருப்பதை இப்போது கேட்டு வாங்காவிட்டால், எந்த அப்டேட்டும் அதை நமக்குத் திரும்பத் தராது.

ஆகவே வாலிபர்களே, உங்களுக்கு என் வேண்டுகோள் இது. மூத்தவர் ஒருவர் உதவி கேட்டால், மவுஸை அவர் கையிலிருந்து வாங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் அமருங்கள். கிளிப்பின் இரு முனைகளிலும் சிறிது மிச்சம் விட்டு வெட்டவும், பாடலை இறுதியில் சேர்க்கவும் சொல்லிக்கொடுங்கள். அவர் கையே செய்யட்டும். ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அந்த ஒரு மணி நேரம்தான் கைப்பிடி.

மூத்தவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்கள் காலத்து மென்பொருளே நல்லது" என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். பழைய ரசத்தைக் குடித்தவன் உடனே புதியதை விரும்பமாட்டான் என்பதை ஆண்டவரே அறிந்திருந்தார். அதற்காக உங்களை அவர் தள்ளவில்லை. ஆனாலும் மோசே தன் கனத்தில் பங்கு கொடுத்தான். நீங்களும் முகங்களின் பெயர்களையும், ஆண்டுகளையும், அவற்றுக்குப் பின்னால் உள்ள சாட்சிகளையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

சபைக் கமிட்டியாருக்கு ஒரு யோசனை. இனி நம் சபையில் எந்த நடைமுறையை மாற்றினாலும், குறைந்தது மூன்று மாதங்கள் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கட்டும். திரையில் பாடல் வந்தாலும் பாட்டுப்புத்தகம் இருக்கையில் இருக்கட்டும். வரும் அறுப்பின் பண்டிகைக் காணொளியை ஒரு மூத்தவரும் ஒரு வாலிபரும் ஒரே மேசையில் அமர்ந்து தயாரிக்கட்டும். படம் சில நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

ஜெபம்: தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமான கர்த்தாவே, பழையதைச் சுமப்பவர்களுக்குப் பொறுமையையும் புதியதை அறிந்தவர்களுக்குத் தாழ்மையையும் தாரும். ஒருவரையும் பின்னே விட்டுவிடாமல் முன்னே செல்ல எங்களுக்குக் கற்றுத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்