குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்ததுண்டா?



சென்ற ஷவ்வால் மாதத்தில் உறவினர் இல்ல நிக்காஹ் ஒன்றிற்காகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்ல வெள்ளைக் குதிரை ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளை அங்கவடியில் கால் வைத்து ஏறியதுதான் தாமதம், அது காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு முதுகை வெடுக்கெனக் கீழே தாழ்த்தியது. பிறகு தலையைத் திருப்பித் தன் வயிற்று வாரையே கடிக்கப் போயிற்று. "மாப்பிள்ளையைப் பார்த்துக் குதிரைக்கே வெட்கம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

விருந்து முடிந்தபின் குதிரைக்காரத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய அத்தா செங்கற்பட்டு ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவராம். ஜட்கா போய்விட்டது. மகனுக்குத் திருமண ஊர்வலங்களும் விடுமுறை நாட்களில் மாமல்லபுரத்துக் கடற்கரையுமே பிழைப்பு. இரண்டு மாதங்களாகவே குதிரை இப்படித்தான் முரண்டு பிடிக்கிறதென்றார். யாரோ ஒருவர் வந்து பார்த்து, "முதுகெலும்பு விலகியிருக்கிறது, தட்டிச் சரிசெய்துவிடுகிறேன்" என்று கூறி மூவாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். அயல்நாட்டார் முக்காலி மேல் ஏறி நின்று குதிரையின் முதுகை அழுத்தும் படம் ஒன்றைத் தம் கைப்பேசியில் காட்டவும் செய்தாராம். "செய்யலாமா பாய்?" என்று தம்பி என்னைக் கேட்டார். அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஊர் திரும்பிப் படித்தும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததையே உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருப்பது கைரோபிராக்டிக் என்னும் கைவைத்திய முறை. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர் மனிதர்களுக்காகத் தொடங்கியது. நம் பக்கத்துப் புத்தூர்க் கட்டைப் போன்றதென்று எண்ணிவிட வேண்டாம். அது முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது. இது முதுகின் ஒரு மூட்டைத் தேர்ந்து, கையால் குறுகிய, விரைவான ஓர் அழுத்தம் கொடுப்பது. விலங்குகளுக்கு இதைச் செய்வோருக்கென 1989இல் அமெரிக்காவில் ஒரு சங்கமே ஏற்பட்டது. பந்தயக் குதிரை வளர்ப்போர் பலர் இம்முறையை நாடுகின்றனர்.

இனி, அந்த முதுகு எத்தகையது என்பதைக் காண்போம். குதிரையின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், முதுகில் 18, இடுப்பில் 6. (சில அரபுக் குதிரைகளுக்கு இடுப்பில் 5 மட்டுமே.) நமக்குள்ள காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. அதன் உடல் முன்னங்கால்கள் இரண்டிற்கும் நடுவே தசைகளால் ஊஞ்சலைப் போல் தொங்குகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அந்த முன்னங்கால்களே தாங்குகின்றன. முதுகு ஒரு வில் என்றால் வயிற்றுத் தசைகள் அதன் நாண். மேலே ஆள் ஏறியதும் வில் கீழ்நோக்கி வளையும். பாரம் மிகுந்தால், முதுகின்மேல் வரிசையாக நிமிர்ந்து நிற்கும் எலும்பு முட்கள் நெருங்கி ஒன்றோடொன்று உரசவும் கூடும். அந்த வேதனையைச் சொல்ல அதற்கு வாயில்லை. காதை மடக்குகிறது, வாலைச் சுழற்றுகிறது, வாரைக் கடிக்கிறது. நாம் அதை வெட்கம் என்கிறோம்!

இத்தனை தடித்த தசைகளாலும் தசைநார்களாலும் இறுகக் கட்டப்பட்ட முள்ளெலும்பு தானாக விலகிப் போவதுமில்லை. உண்மையிலேயே விலகியிருந்தால் மனிதக் கையால் தட்டி அதை இருந்த இடத்திற்குக் கொண்டுவரவும் முடியாது. கை அழுத்தத்தால் மூட்டின் அசைவு சற்றுக் கூடுவதையும், வலியுணர்வு சில நாட்களுக்குக் குறைவதையும் சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு மேல் உறுதியான சான்று குறைவு. எலும்பில் முறிவோ சீழோ இருக்கும்போது அழுத்தினால் கேடுதான் விளையும். ஆகவே நோய் இன்னதென்று கால்நடை மருத்துவர் கண்டறிந்த பின்னரே எவர் கையும் முதுகில் பட வேண்டும். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு கால்நடை மருத்துவ மன்றச் சட்டமும், பதிவு பெற்ற மருத்துவரே விலங்குகளுக்கு மருத்துவம் செய்யலாம் என்கிறது.

வலி எங்கிருந்து வந்தது என்று பாராமல் முதுகை மட்டும் தட்டுவது, ஓட்டைக் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது. பெரும்பாலும் சேணமே காரணம். சேணத்தின் நடுவே முதுகெலும்புக்கு இடம் விட்டு, இருபுறத் தசைகளில் மட்டுமே பாரம் படிய வேண்டும். பஞ்சு நசுங்கிய பழஞ்சேணம் எலும்பின் மேலேயே அமர்ந்துவிடும். லாடம் தேய்ந்து குளம்பு கோணியிருந்தாலும் முதுகு வலிக்கும். ஒரு கால் நொண்டினால் முதுகும் அதற்கேற்ப வளையுமன்றோ? அடுத்தது பாரம். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது என்பது பரவலாகக் கொள்ளப்படும் கணக்கு. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு 60 கிலோ. அதில் சேணம் 10 கிலோவாயின் ஆளுக்கு எஞ்சுவது 50 கிலோ. நம் மாப்பிள்ளைமார்களின் எடையை நான் கூற வேண்டியதில்லை. போதாக்குறைக்கு முன்னால் ஒரு சிறுவனையும் தூக்கி அமர்த்துகிறோம்.

அதைவிடப் பெரிய கொடுமையை அன்று கண்ணாரக் கண்டேன். பள்ளிவாசல் ஐந்து நிமிட நடைத் தொலைவுதான். ஊர்வலமோ ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. படம் பிடிக்க நின்றார்கள், வாணவேடிக்கைக்கு நின்றார்கள், தாமதமாக வந்த மாமாவுக்காக நின்றார்கள். அவ்வளவு நேரமும் மாப்பிள்ளை இறங்கவேயில்லை. நடக்கும் குதிரைக்குத் தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிவதால் சிறிது ஓய்வு உண்டு. அசையாமல் நிற்கும் குதிரைக்கு ஒரே இடத்தில் ஓயாத அழுத்தம்; அங்கே இரத்த ஓட்டமும் தடைப்படும். வாகனப் பிராணிகளின் முதுகுகளை மிம்பர்களாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. செல்லுமிடம் சேர்வதற்கே அவை நமக்கு வசப்படுத்தப்பட்டன. நின்று பேசுவதற்குப் பூமி இருக்கிறது என்பது அதன் பொருள். நம் ஊர்வலத்தில் மிம்பரின் மீது மாலையும் கழுத்துமாக ஒருவர் அமர்ந்திருந்தார்.

குதிரை நம் சமுதாயத்திற்குப் புதிதா என்ன? இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. 13ஆம் நூற்றாண்டில் நம் கரையிலும் பிற இந்தியத் துறைமுகங்களிலும் வந்திறங்கிய குதிரைகள் ஆண்டுக்குப் 10,000 என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். அக்காலத்தில் வந்த மார்க்கோ போலோ ஒரு கசப்பான செய்தியைக் குறித்து வைத்தார். பராமரிக்கத் தெரியாததால் பாண்டிய நாட்டில் குதிரைகள் ஓராண்டுக்குள் மடிந்தனவாம். குதிரை மருத்துவர் எவரையும் வணிகர்கள் அழைத்து வரவில்லை. பிறர் வருவதையும் விரும்பவில்லை. குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்பனை! 9ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அகீ ஹிஸாம் குதிரை மருத்துவ நூல் இயற்றிய அரபுலகிலிருந்து குதிரை மட்டும் கப்பலேறியது, மருத்துவம் ஏறவில்லை.

இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இப்போது வேப்பேரியில் இருக்கிறது. பெரிய விலங்குகளுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. பாரம் சுமக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள், நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கக் கூடாதென்கின்றன. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. சித்திரை வெயிலில் மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை நினைவில் வைக்கலாம்.

ஏறுமுன் உங்கள் உள்ளங்கையைப் பரப்பி, பிடரி முடியும் மேட்டிலிருந்து வால்புறம் வரை, எலும்பின் இருபக்கமும் மெல்ல அழுத்தித் தடவிப் பாருங்கள். குதிரை பேசாமல் நின்றால் நல்லது. தோல் துடித்தாலோ முதுகு தாழ்ந்தாலோ காது மடங்கினாலோ, பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்தே செல்லுங்கள். பணத்தைக் கொடுக்க வேண்டும். அவர் பிள்ளைகளும் உண்ண வேண்டுமே.

இவற்றையெல்லாம் அந்தத் தம்பிக்குத் தொலைபேசியில் கூறினேன். மருத்துவரை அழைத்துக் காட்டியிருக்கிறார். சேணத்தின் உட்கட்டை முறிந்து ஒருபுறம் அழுத்தியிருந்தது. முடிக்கு அடியில் தசை கன்றிப் போயிருந்தது. ஆறு வாரம் சேணமே போடக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த வாரத்து ஊர்வலம் ஒன்றிற்கு வாங்கிய முன்பணத்தைத் தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டார். "புதுச் சேணத்துக்குத்தான் வழி பார்க்கிறேன் பாய்" என்றார். அன்று நிக்காஹ் முடித்த மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, சேணம் என்ன விலை என்று கேட்டார்.